கருப்புப் பட்டையும் அய்யலூர் ஆட்டுக்காரரும்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றது, இரண்டு பேர் என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்து பேரும் படித்து வேலைக்குப் போனார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். சினிமா போஸ்டரைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். அதனால் பெரிய எழுத்தாக எழுதினால்தான் எனக்கு வரும். இந்த நோட்டில் ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வீடு வீடாகப் போய் டிவி மாட்டிக் கொடுக்கிற வேலைக்கு. முதலாளி தம்பி போன் பண்ணி, வந்து இவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். நான் வரவில்லை. கடை மாடி ஏற முழங்கால் விடாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்காக ஒன்பது நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிவியைச் சுவரில் எப்படி மாட்டுவது, எந்த ஒயரை எதில் சொருகுவது என்பதெல்லாம் டேவிட் சொல்லித் தருவான். என்னோடு வேன் ஓட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் அலைந்தவன், அவனுக்குத் தெரியாதது இல்லை. நான் சொல்லப் போவது ஒரு கேள்வியைப் பற்றி மட்டும். நீங்கள் வேலைக்குப் போகிற முதல் நாளே அந்தக் கேள்வி வரும். வேலையை விட்டு நிற்கிற அன்றைக்கும் வரும். நான் கடைசியாகப் போன வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காதே சலித்துவிட்டது.

“இம்புட்டுப் பெரிய டிவி வாங்கியிருக்கோம். படம் போட்டா மேலயும் கீழயும் கருப்பா ஒரு பட்டை வருதே, ஏன்?”

கேட்கும்போதே சண்டைக்கு நிற்பார்கள். ஏமாற்றிவிட்டீர்கள், பீஸ் கெட்டுப்போனது, வேறு கொண்டுவா என்பார்கள். ஒருவர் ஸ்கேலை வைத்து அளந்து காட்டினார். இன்னொருவர் என் கையைப் பிடித்து அந்தக் கருப்பின்மேல் வைத்து, இந்த இடத்துக்கும் சேர்த்துத்தானே வாங்கினோம் என்றார்.

நான் சொல்லுகிற பதில் இதுதான். டிவி ஒரு மேசை. படம் ஒரு தலைவாழை இலை. இலை நீளமானது, அகலம் குறைவு. மேசை அந்த அளவுக்கு நீளம் இல்லை. இலையை முழுசாக மேசையில் விரித்தால், நுனி ஒரு பக்கம் முட்டும், அடி மறு பக்கம் முட்டும். மேலேயும் கீழேயும் மேசைப் பலகை தெரியும். அந்தப் பலகைதான் கருப்புப் பட்டை. பலகை தெரிகிறதே என்று இலையின் நுனியை யாராவது நறுக்குவார்களா? சினிமாவைப் பெரிய திரைக்காக நீளமாக எடுக்கிறார்கள். அதை டிவிக்குள் முழுசாக வைத்தால் இப்படித்தான் இருக்கும். கருப்பு தெரிந்தால் படம் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் சொன்னால் பத்துப் பேரில் இரண்டு பேர் ஒத்துக்கொள்வார்கள். மற்றவர்கள், அந்தக் கதையெல்லாம் வேண்டாம், கருப்பு போகணும் என்பார்கள். போகவும் வைக்கலாம். ரிமோட்டில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. எனக்கு அதில் இங்கிலீஷில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாது, ஆனால் எந்த ரிமோட்டில் எந்த இடத்தில் இருக்கும் என்று விரலுக்குத் தெரியும். அதை அமுக்கினால் படம் பெரிதாகிக் கருப்பு மறைந்துவிடும். மேசை முழுக்க இலை. ஆனால் நுனியும் அடியும் மேசைக்கு வெளியே போய்விடும். இரண்டு பக்க ஓரத்திலும் இருந்ததெல்லாம் காணாமல் போகும். வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாது. சந்தோஷமாகக் காபி கொடுப்பார்கள்.

நானும் அமுக்கியிருக்கிறேன். ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். வயது ஆக ஆக, இன்னும் மூன்று வீடு பாக்கி, கால் வலிக்கிறது, செத்த நேரம் உட்கார முடியவில்லை என்றானபோது, வாயைத் திறக்காமல் பட்டனை அமுக்கிவிட்டு வந்துகொண்டே இருந்தேன். என்னைக் கேட்டால் அது பொய் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

இதற்கெல்லாம் முந்தி நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அய்யலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது உங்களுக்குப் புரியும்.

டிவிக் கடைக்கு வருவதற்கு முன்னால் பதினாறு வருஷம் திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரில் வேலை பார்த்தேன். இன்றைக்கு அது கல்யாண மண்டபம். கூட்டுகிற வேலைக்குப் போனவளை, திரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உள்ளே எடுத்தார்கள். வெள்ளைத் திரைக்கு இரண்டு பக்கமும் கருப்புத் துணி தொங்கும். நாங்கள் ஓரத்துணி என்போம். கப்பியில் கயிறு ஓடும். திரையில் குறுகலாக விழுகிற படம் என்றால் துணியை உள்ளே இழுக்க வேண்டும். திரை முழுக்க விழுகிற சினிமாஸ்கோப் படம் என்றால் துணியைக் கடைசி வரைக்கும் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் படத்தின் ஓரம் அந்தக் கருப்புத் துணியில் விழும். கருப்பில் விழுந்தால் ஆள் முகம் தெரியாது. சும்மா ஒரு வெளிச்சம் ஆடும், அவ்வளவுதான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அங்கே படம் ஓட்டிய ஆபரேட்டர். பேர் எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேச மாட்டார், பேசினால் திட்டாக இருக்கும். அவர் ஒரு தடவை சொன்னார்: “நடுவுல நிக்கிறவனை எவன் வேணாலும் காட்டுவான். ஓரத்துல நிக்கிறவனையும் காட்டுறதுக்குத்தான் நமக்கு வேலை குடுத்திருக்காங்க.”

ஒரு வெள்ளிக்கிழமை. புதுப் படம், கிராமத்துக் கதை, சினிமாஸ்கோப். நம்ம சிறுமலை அடிவாரத்தில் எடுத்த படம் என்று கூட்டம் வந்தது. அன்று காலையில் ஓரத்துணியில் தூசி இருக்கிறதென்று ஆபரேட்டர் என்னை டிக்கெட் கொடுக்கிற இடத்தில் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். எனக்கு மானம் போய்விட்டது. முதல் ஆட்டம் தொடங்குகிறபோது இடது பக்கக் கயிறு கப்பியை விட்டு நழுவித் துணி பாதியில் நின்றுவிட்டது. மேனேஜர் படத்தை நிறுத்த வேண்டாம், ஓடட்டும் என்றார். ஆட்டம் முடிந்ததும் ஆபரேட்டர் ஆள் அனுப்பினார், ஏணி போட்டு ஏறிக் கயிற்றை மாட்டச் சொல்லி. எனக்குத்தான் அது தெரியும், வேறு யாருக்கும் ஏறப் பயம். நான் போகவில்லை. மேனேஜரே விடச் சொல்லிவிட்டார், ஏணியும் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஏணி என் பின்னாலேயே சுவரில் சாய்ந்திருந்தது.

அவர் இன்னும் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அப்புறம் அனுப்பவில்லை. ஆறு நாள் ஓடியது அந்தப் படம். ஆறு நாளும் துணி அப்படியே நின்றது. ஏழாம் நாள் படம் மாறியது, என் கோபமும் ஆறியது, ஏறி மாட்டிவிட்டேன்.

அந்த ஆறு நாளில் ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. நான் அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். பார்த்தீர்களா, ஓரம் இல்லாமலே படம் ஓடியது என்று உள்ளுக்குள் பேசிக்கொண்டேன். பிள்ளைகளே, இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். கருப்பு தெரிந்தால் சண்டைக்கு வருவார்கள். காணாமல் போனதற்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், ஏனென்றால் காணாமல் போனது இன்னது என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியும்.

இப்போது அய்யலூர்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அய்யலூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர், தென்னைக்கு நடுவில் வீடு. ஆட்டு வியாபாரம் பார்க்கிற குடும்பம். பெரியவர் பேர் பெருமாள், எழுபதை நெருங்கினவர். வீட்டம்மா வெள்ளையம்மாள். மகன் செல்வம், லாரி வைத்திருக்கிறான். அவன்தான் டிவி வாங்கினான். நானும் டேவிட்டும் கொண்டுபோய் மாட்டினோம்.

படம் போட்டதும் செல்வம் கருப்பைப் பார்த்துவிட்டான். அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவனுக்கு அவமானமாகிவிட்டது. பீஸைக் கழற்றுங்கள் என்று நின்றான். எனக்கு அன்றைக்கு அது நாலாவது வீடு. இலையும் மேசையும் சொல்லத் தெம்பில்லை. பட்டனை அமுக்கினேன். டிவி முழுக்கப் படம் வந்தது. எல்லோரும் ஆகா என்றார்கள்.

நான் பையை எடுக்கிறபோது பெரியவர் கிட்டத்தில் வந்தார். மூலையில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவர்.

“தாயி, பழைய படமும் இதுல முழுசா வருமா?”

“எல்லாம் முழுசா வரும் அய்யா,” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கடைக்குப் போன். செல்வம் இல்லை, பெரியவரே பேசினார். டிவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என்ன குறை என்று கேட்டால், என் படம் இதிலும் இல்லை என்றார். அதற்குமேல் கேட்டாலும் அதையே சொன்னார். முதலாளி தம்பி என்னைப் பார்த்தார். டிவி திரும்பி வரக்கூடாது அக்கா, நீங்களே போய்ப் பேசி முடியுங்கள் என்றார். டேவிட்டுக்கு அன்று வடமதுரையில் இரண்டு வீடு காத்திருந்தது. வழி நெடுக முனகிக்கொண்டே ஓட்டினான்.

நாங்கள் போனபோது வெள்ளையம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பெரியவர் எதிர்ச் சுவரோரம். செல்வம் எங்களைப் பார்த்ததும், டிவி நல்லாத்தான் இருக்கு, அப்பாவுக்குத்தான் கிறுக்கு என்றான். அவன் வாயால்தான் எனக்குக் கதை தெரிந்தது. சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னான். அந்த வீட்டில் அது பழைய வேடிக்கை.

செல்வம் பிறந்து இரண்டு மாதத்தில் பெருமாள் பன்னிரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. எங்கே போனீர்கள் என்றால், சிறுமலை அடிவாரத்தில் சினிமா எடுக்கிறார்கள், ஆட்டுக் கூட்டம் கேட்டார்கள், நாற்பது ஆட்டோடு போய் நின்றேன், படத்தில் நானும் வருகிறேன் என்றார். ஆனால் அந்த நாட்களில் அவரைக் கன்னிவாடியில் ஒரு இட்லிக் கடைக்காரம்மா வீட்டு வாசலில் பார்த்ததாக ஒருவன் வந்து சொல்லிவிட்டான். சினிமாக்காரர்கள் கேட்ட கணக்குக்கு ஆடு குறைந்தது, கன்னிவாடிக்குப் போய் இன்னும் சில ஆடு பிடித்து வந்தேன், வழியில் சாப்பிட்டேன் என்று இவர் சொன்னார். வெள்ளையம்மாள் நம்பவில்லை. அன்றிலிருந்து அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போடுவார், துணி துவைப்பார், செல்வத்துக்கு அப்புறம் இரண்டு பிள்ளையும் பெற்றார். பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்வார். பிள்ளைகள் இல்லாவிட்டால் ஆட்டிடம் சொல்வார்.

அந்தப் படம் டிவியில் நாலு தடவை வந்ததாம். நாலு தடவையும் பெரியவர் குடும்பத்தை உட்கார வைத்தார். பழைய டிவி, பெட்டி மாதிரி இருக்குமே, அது. அந்த டிவிக்குச் சினிமாவை இரண்டு பக்கமும் வெட்டித்தான் போடுவார்கள். அந்த இடம் வந்ததும் பெரியவர் எழுந்து போய், டிவிக்கு வெளியே பிளாஸ்டிக் சட்டத்தில் விரலை வைத்து, இங்கதான், இங்கதான் நிக்கிறேன் என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பா நடிச்ச படம் என்றால் அந்த ஊரில் பொய்க்கு இன்னொரு பேர்.

இப்போது செல்வம் பெரிய டிவி வாங்கியதும், இன்டர்நெட்டில் அந்தப் படம் முழுசாக இருக்கிறது என்று பேரன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். பெரியவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்தாராம். அந்த இடம் வந்தது. அவர் இல்லை.

“எல்லாம் முழுசா வரும்னு நீதானே தாயி சொன்ன,” என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை.

எனக்கு விஷயம் அப்போதே தெரிந்துவிட்டது. நான் அமுக்கின பட்டன். ரிமோட்டை வாங்கி, அதையே மறுபடி அமுக்கிப் படத்தைப் பழையபடி ஆக்கினேன். மேலேயும் கீழேயும் கருப்பு வந்தது. செல்வம் முகத்தைச் சுளித்தான். பேசாமல் இரு அப்பு என்றேன். பெரியவர் சொன்ன இடத்துக்குப் படத்தை ஓட்டச் சொன்னேன்.

ஒரு மாட்டு வண்டி போகிறது. நடுவில் பெரிய நடிகர். இடது ஓரத்தில் ஒரு புளியமரம், அதன் கீழே ஆடுகள். ஆடுகளுக்குப் பின்னால் கையில் கம்போடு, தோளில் துண்டோடு ஒல்லியாக ஒருத்தர் நிற்கிறார். எட்டு வரைக்கும் எண்ணலாம், அவ்வளவு நேரம். வண்டியைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். பெருமாளேதான். செல்வத்தின் மூக்கு அப்படியே அந்த முகத்தில் இருந்தது.

அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. செல்வம் அப்பாவையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வேலை முடிந்தது, டிவி திரும்பி வராது, கிழவருக்கும் நல்லது பண்ணிவிட்டோம் என்று பையைத் தோளில் மாட்டினேன். டேவிட் வாசலுக்கே போய்விட்டான்.

வெள்ளையம்மாள் மொச்சையை உரித்துக்கொண்டே பேசினார். மகனிடம் சொல்வது மாதிரி.

“செல்வம், இப்பப் போன்ல என்ன வேணாலும் ஒட்டுறாங்க. போன மாசம் ஒன் மகன் என் தலைய ஒரு ராணி ஒடம்புல ஒட்டிக் காட்டுனான். இதையும் அப்பிடி ஒட்டியிருப்பாக. அன்னிக்கி இல்லாத ஆளு இன்னிக்கி எங்குட்டு இருந்து வாராரு?”

“அம்மா, டிவியில வெட்டியிருப்பாங்க,” என்றான் செல்வம்.

“டிவிய விடு. நான் தியேட்டருக்கே போயிப் பாத்தேன். ஒங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. ஒன்னை இடுப்புல வச்சுக்கிட்டு பஸ் ஏறி, திண்டுக்கல்லுல மத்தியான ஆட்டம் பாத்தேன். பொய்யின்னு ஊரு சொல்லுது, மெய்யா இருந்துறாதான்னு போனேன். வண்டி வந்துச்சு, மரம் பாதி வந்துச்சு. ஆளு இல்ல. அந்தத் தியேட்டருல யாரும் வெட்டல.”

எந்தத் தியேட்டர் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். திண்டுக்கல்லில் அந்தப் படம் எங்கள் தியேட்டரில் மட்டும்தான் ஓடியது.

பெரியவர் அந்தம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தம்மா தியேட்டருக்குப் போனது பெரியவருக்கே அன்றுதான் தெரிகிறது. டிவியில் அந்த ஒல்லி ஆள் அப்படியே நின்றுகொண்டிருந்தார், படத்தை நிறுத்தி வைத்திருந்தான் செல்வம். எட்டு எண்ணுகிற நேரம் கிடைத்த மெய்யும் இப்போது பொய்யாகிக்கொண்டிருந்தது. அதை மெய்யாக்குகிற ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான்.

டேவிட் வாசலிலிருந்து, அக்கா நேரமாச்சு என்றான். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். டிவி நல்ல நிலையில் இருக்கிறது என்று கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாக யாருக்கும் தெரியாத ஒன்று, நான் செத்தால் என்னோடு போகும். வேலையில் தப்புப் பண்ணினேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளைகளிடம்கூட இல்லை. அந்தப் பெருமையில்தான் இவ்வளவு காலம் நிமிர்ந்து நடந்தேன்.

பையைக் கீழே வைத்தேன். தரையில் உட்கார்ந்தேன். அந்தத் தியேட்டரில் அன்றைக்கு ஓரத்துணி பார்த்தவள் நான்தான் என்றேன். கயிறு நழுவியதையும், துணி பாதியில் நின்றதையும், ஏறி மாட்டச் சொன்னவர் மேலிருந்த கோபத்தில் ஆறு நாள் ஏறாமல் இருந்ததையும் சொன்னேன். ஏணி என் பின்னாலேயே இருந்ததையும் சொன்னேன். அது இல்லாமல் சொன்னால் பாதி சொன்ன மாதிரி.

வெள்ளையம்மாள் மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்தார். என்னையே பார்த்தார்.

“எந்தப் பக்கத் துணி?”

“இடது பக்கம்.”

வெளியே ஒரு ஆடு கத்தி ஓய்ந்தது.

“கருப்பா ஒண்ணு தொங்குச்சு,” என்றார். “அதுல வெளிச்சம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. மரத்துக்கு அங்கிட்டு. பிள்ளை அதைப் பாத்துட்டு அழுதான், நான் மடியில போட்டுத் தட்டுனேன். அந்த வெளிச்சம் இவுகதானா?”

“இவருதாம்மா.”

அவர் அழவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டத்தான் செய்தார், ஆனால் சத்தமே இல்லை. “ஒரு ஏணி ஏறியிருந்தா தீந்துருக்கும். ஒம் மானத்துக்கு எங் குடும்பந்தான் கெடைச்சுதா?” என்றார்.

பிறகு படத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். செல்வம் ஓட்டினான். இன்னொரு தடவை என்றார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. டேவிட் உள்ளே வந்து அவனும் நின்று பார்த்தான். கடைசித் தடவை முடிந்தபோது அந்தம்மா எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பினார். மகனைப் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்க்கவில்லை.

“அன்னிக்கி பன்னண்டு நாளும் ஒங்களுக்குச் சோறு யாரு போட்டா?”

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“கம்பெனிச் சோறு,” என்றார். “உப்பே இல்ல.”

வெள்ளையம்மாள் மொச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். எங்களையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளிருந்தே சொன்னார். அது உபசாரமா அதட்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மொச்சைதான் வெஞ்சனம். வடமதுரை வீடுகள் இரண்டும் அன்று தாமதமாயின, முதலாளி தம்பி திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

வேன் திண்டுக்கல் வந்ததும், அக்கா, இனிமே அந்தப் பட்டனை அமுக்க வேணாமா என்று டேவிட் கேட்டான். அமுக்கலாம், சொல்லிவிட்டு அமுக்கணும் என்றேன். அவர்கள் வீடு, அவர்கள் டிவி. ஓரம் போகும், பரவாயில்லையா என்று கேட்டு, சரி என்றால் அமுக்கு. கேட்காமல் அமுக்காதே. எத்தனையாவது வீடாக இருந்தாலும், கால் எவ்வளவு வலித்தாலும்.

ஆபரேட்டர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவரிடம் ஏணி விஷயத்தை நான் சொல்லவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கேபின் ஓட்டையிலிருந்து பார்த்தால் ஏணி சாய்ந்திருந்த இடம் தெரியும். ஏழாம் நாள் நான் ஏறிக் கயிற்றை மாட்டிவிட்டு இறங்கும்போது, அவர் மாடிப்படியில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

உங்களுக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை. கருப்புப் பட்டை ஏன் வருகிறது என்பதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். எனக்குக் கை வலிக்கிறது. இத்தோடு போதும்.

இனி எழுதுவது ஜெனிக்கு. என் பேத்தி, ஒன்பதாவது படிக்கிறாள். ஜெனி, கடைக்குக் கொடுக்கும் முன்னால் இதை முதலிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டு, தப்பு இருந்தால் திருத்தலாம். வேகமாகப் போகாதே. சில பக்கத்தில் வரி பத்தாமல், விட்டதை ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறேன். ஏணி என் பின்னாலேயே இருந்தது என்கிற வரியும் அப்படி ஓரத்தில்தான் இருக்கிறது. அதையும் வாசி.